வெளியே நின்று சொல்ல வேண்டிய சேதி

தொண்ணூறுகளில் போத்தனூரில் எனக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சீர், புதுவீடு புகுவது என்று கோயமுத்தூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் வரைக்கும் போய்ப் படம் பிடித்துக் கேசட் போட்டுக் கொடுப்பேன். வந்த சொந்தக்காரர்களில் ஒரு முகத்தையும் விடமாட்டேன் என்று எனக்கு நல்ல பெயர். எங்கள் பக்கம் தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முகம் மறைந்துபோனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பெரிய மாமன் பந்தியில் உட்கார்ந்தது கேசட்டில் இல்லையென்றால் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுவிடும். அதனால் தாலி கட்டுவதைவிடப் பந்தியைத்தான் நான் கவனமாக எடுப்பேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐம்பது வருடம் ஆகிறது என்பதை ஊரில் ஒரு சங்கம் கண்டுபிடித்தது. பம்புசெட் செய்கிறவர்களும் நூல்மில் வைத்திருப்பவர்களும் சில டாக்டர்களும் சேர்ந்து நடத்திய சங்கம். மாதம் ஒருமுறை ஓட்டலில் கூடிச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டதற்கு ஈடாக வருடத்துக்குச் சில நல்ல காரியங்கள் செய்வார்கள். கண் சிகிச்சை முகாம் நடத்திவிட்டார்கள், மரக்கன்று நட்டுவிட்டார்கள், நட்ட கன்றுகள் செத்த இடங்களில் மறுபடியும் நட்டுவிட்டார்கள். இந்த முறை, உயிரோடு இருக்கும் போர் வீரர்களுக்கு மரியாதை செய்வது என்று முடிவாயிற்று.

தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வீரர்களோட நினைவுகளை அரை மணி நேரக் கேசட்டாப் பண்ணிக் குடுத்துருங்க. விழாவுல டி.வி. வச்சுப் போட்டுக் காட்டணும். பாக்கறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரோணுமுங்க."

"எந்தப் பாட்டுப் போடலாமுங்க?" என்று கேட்டேன். தொழில் புத்தி எங்கே போகும்.

சுற்று வட்டாரம் முழுவதும் தேடி, நடக்கவும் பேசவும் முடிகிற சிலரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதில் இருவர் பர்மாவில் ஒரே தாக்குதலில் தப்பித்தவர்கள். ஒருவர் எங்கள் போத்தனூர்க்காரர்தான். பட்டாளத்திலிருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவர். இன்னொருவர் கோபிக்குப் பக்கத்தில் வாழையும் நெல்லும் போடுகிற விவசாயி. கேசட்டுக்கு இவர்கள் இரண்டு பேர் போதும், மற்றவர்களுக்குச் சால்வை போதும் என்றார் தலைவர்.

போத்தனூர்க்காரர் வீட்டில் வைத்துப் பிடித்தோம். கோபிக்காரர் முதல் பஸ்ஸில் ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினார். போத்தனூர்க்காரர் மடிப்புக் கலையாத பேன்ட்டும் முழுக்கைச் சட்டையுமாக, பைபிள் வசனக் காலண்டருக்குக் கீழே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லைட்டைப் போட்டு, கேமராவை ஓடவிட்டு, "ஆரம்பிங்க" என்றேன்.

"நீங்க சொல்லுங்க," என்றார் போத்தனூர்க்காரர்.

"இல்லீங்க, நீங்கதான் சொல்லோணும். எனக்கு முன்னாலயே பட்டாளத்துல 'நாய்க்'குனு பதவி வாங்குனது நீங்க."

"அது ஒரு மாசம் முன்னாலதானுங்க. வயசுல பெரியவரு நீங்க."

இப்படியே முதல் கேசட் தீர்ந்தது. இரண்டு பேரும் ஜப்பான்காரனை எப்படி எதிர்த்தார்களோ தெரியவில்லை. நிச்சயமாக, "நீங்க முதல்ல சுடுங்க" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு புதுக் கேசட்டைப் போட்டேன். கடைசியில் போத்தனூர்க்காரர் ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை.

அவர்களுடையது பாலம் கட்டுகிற பட்டாளம். பர்மாவில் ஓர் ஆற்றங்கரையில் முகாம் போட்டிருந்தார்கள். ஆற்றின் பெயர் இருவருக்கும் வாயில் நுழையவில்லை. விடியற்காலை, மூடுபனி. பத்தடி தள்ளி நிற்கிறவன் வேட்டியா பேன்ட்டா என்றுகூடத் தெரியாத பனி. போத்தனூர்க்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பனிக்குள்ளிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

"நம்ம ஆளு இருமறதுக்கும் வேத்தாளு இருமறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க," என்றார் கோபிக்காரர். "நம்ம ஆளு இருமினா பின்னாலயே ஒரு வார்த்தை திட்டுவான். இது வெறும் இருமலுங்க."

அடுத்தது குண்டு. பீரங்கி இல்லை, கையில் தூக்கிவந்து குழாயில் போடுகிற சின்னக் குண்டுகள். பாலத்துக்கு வைத்திருந்த மரமெல்லாம் பற்றிக்கொண்டது. இவர்கள் மூன்று பேர் பக்கத்திலிருந்த குழிக்குள் விழுந்தார்கள். பல் விளக்குகிற பிரஷ் வாயிலேயே இருந்ததாம். உச்சி வெயிலில் யாரோ எடுத்துவிட்ட பிறகுதான் போத்தனூர்க்காரருக்கு அது தெரிந்தது.

"மூணு பேருன்னு சொன்னீங்களே," என்றேன்.

"எங்க ஜில்லாவுலிருந்து மூணு பேருங்க. ஒரே நாளு சேந்தோம். மூணாவது ஆளு அன்னூருக்கு அந்தப்பக்கம்."

மூன்றாவது ஆளுக்கு வயிற்றில் அடிபட்டிருந்தது. உச்சிவேளை வரைக்கும் உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"குடுக்கலீங்க," என்றார் போத்தனூர்க்காரர்.

கோபிக்காரர் கேமராவைப் பார்க்கவில்லை. "குடுத்திருக்கலாமுங்க," என்றார். "எப்படியும் போற உசுரு."

சாயங்காலம் இருவருமாக ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். அதிகாரியிடம் போய்ச் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் விழுந்த குண்டுக்குப் பிறகு அதிகாரியும் இல்லை, அவர் எழுதியதும் இல்லை. அதற்கடுத்த நாள் இவர்கள் இருவரும் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரி லாரியில் ஏற்றப்பட்டார்கள். பட்டாளக் கணக்கில் மூன்றாவது ஆள் காணாமல் போனவர் ஆனார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. தலைவர் கேட்ட கண்ணீர் இதோ கேசட்டில் இருக்கிறது. இனி அந்த மூன்றாவது ஆளின் போட்டோ ஒன்று கிடைத்தால், நடுவில் மெதுவாகத் தெரிந்து மறைவதுபோலப் போடலாம். கல்யாணத்தில் இதயத்துக்குள் பொண்ணு மாப்பிள்ளை தெரிவார்களே, அதே வித்தைதான். இதயத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

"அவங்க ஊட்டுல யாராச்சும் இருக்கறாங்களா? போட்டோ வாங்கலாமுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போத்தனூர்க்காரர் லைட்டை அணைக்கச் சொன்னார்.

"சம்சாரம் இருக்கறாங்க," என்றார். "அவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க."

என்ன தெரியாது என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

காணவில்லை என்று தந்தி போயிருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பட்டாளம் ஏதோ ஒரு முடிவுக்கு வந்து மாதாமாதம் அந்த அம்மாவுக்குப் பணம் அனுப்பத் தொடங்கியது. அவர் அதை வீட்டுக்காரர் சம்பளம் என்றே சொல்லி வாங்கினார். செத்திருந்தால் செத்துவிட்டான் என்றல்லவா எழுதுவார்கள் என்று ஊர் பேசிற்று. பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால் ஊர் சும்மா இருக்குமா. ஆள் பர்மாக்காரி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான், கடை வைத்திருக்கிறான், மூன்று பிள்ளைகள் என்று வரைக்கும் பேசியிருக்கிறார்கள். அந்த அம்மா ஐம்பது வருடமாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, கழுத்தில் தாலியோடு இருக்கிறார்.

"நீங்க போய்ச் சொல்லலையா?"

"போனோமுங்க," என்றார் கோபிக்காரர். "ஊருக்கு வந்த அடுத்த வாரமே போனோம். எத்தனையோ தடவை போனோம்."

"அப்புறம்?"

"சோறு போட்டுட்டாங்க."

இதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொன்னால் போதும், விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லி, தண்ணீர் கொடுத்து, இலை போட்டு, கை கழுவிய பிறகுதான் "என்ன விசயமுங்க?" என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்டால் விரட்டுவதாக அர்த்தம். ஆனால் எழவு சொல்ல வருகிறவர் வாசல் ஏறக் கூடாது, தண்ணீர் வாங்கக் கூடாது. வெளியே நின்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டும். சாப்பிட்ட வீட்டில் எழவு சொல்வது இலையிலேயே துப்புவதற்குச் சமம்.

இவர்கள் முதல் தடவை போனபோது, அந்த அம்மாவுக்கு இருபது வயது. வீட்டுக்காரரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் என்றதும் ஓடிவந்து "வாங்ணா" என்றிருக்கிறார். இவர்கள் வாசல் ஏறிவிட்டார்கள். சாப்பிட்டார்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். அடுத்த தடவை கண்டிப்பாக வெளியே நின்றே சொல்வது என்று பேசிக்கொண்டு போனார்கள். அவர் கோழி அடித்திருந்தார். ஜாதி பார்க்கிற மாமியார் இருந்தவரைக்கும் போத்தனூர்க்காரருக்கு இலை வாசலில்தான் விழுந்தது. மாமியார் போன பிறகு உள்ளே வந்தது.

"அதுல எனக்குக் குறையில்லீங்க," என்றார் அவர். "எங்க போட்டாலும் கொழம்பு ஒரே கொழம்புதான்."

பிறகு பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடி நோன்புக்கு ஒரு தடவை என்று போவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போனார்கள். ஒவ்வொரு தடவையும் வயிறு நிறைந்து வந்தார்கள்.

"விழாவுக்கு அவங்களையும் கூப்பிட்டிருக்காங்க," என்றார் போத்தனூர்க்காரர். "முன்வரிசையில உக்கார வப்பாங்க. இந்தக் கேசட்டைப் போட்டீங்கன்னா அதுவே சொல்லிப்போடுமுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழவு சொல்லும் வேலையை என் கேசட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பெரியவர்களிடம் வரும்போது மரியாதையோடு வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏனுங்க, அந்த அம்மா புருசன் செத்ததை ஏசி ஹால்ல, முந்திரிப்பருப்புத் தின்னுட்டிருக்கறவங்க நடுவுல, டி.வி. பொட்டியில பாத்துத் தெரிஞ்சுக்கோணுமுங்களா?"

இதைவிட மோசமான யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது. ஐம்பது வருடம் சேர்ந்து யோசித்தால்தான் இப்படி ஒன்று வரும்.

"செவ்வாய்க்கிழமை வேன் கொண்டு வாரேன்," என்றேன். "மூணு பேரும் போறோம். வாசலுக்கு வெளியில நின்னு நீங்க ரண்டு பேரும் சொல்றீங்க. உள்ள போறதில்லை."

"சரிங்க," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். பட்டாளத்தில் உத்தரவு வாங்கிய பழக்கம்.

கோபிக்காரர் திங்கட்கிழமையே வந்து போத்தனூர்க்காரர் வீட்டில் தங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் வேனில் சத்தியமங்கலம் ரோட்டைப் பிடித்தோம். அப்போதெல்லாம் சரவணம்பட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் சோளக்காடும் நடுநடுவே ஒரு நூல்மில்லும்தான். இருவரும் பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போகிறவர்கள்போல மடியில் கையை வைத்துக்கொண்டு வந்தார்கள். கோவில்பாளையத்தில் டீ குடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். அன்னூர் வருவதற்குள் நான் இரண்டு தடவை திட்டத்தைச் சொல்லிவிட்டேன். உள்ள போறதில்லை. தண்ணி வாங்கறதில்லை. நின்னு சொல்றோம்.

அந்த அம்மா வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, பச்சைச் சேலை, நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். வேனைப் பார்த்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாங்ணா. வாங்ணா. நோம்பி நாளில்லாத நாள்ல வந்திருக்கீங்க. வாங்க கண்ணு."

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஜப்பான்காரன் குண்டுக்கு நடுவில் குழிக்குள் கிடந்து தப்பித்தவர்கள் இவர்கள். ஒரு கிழவியின் "வாங்ணா"வுக்கு முன்னால் இருவராலும் மூன்றடி நிற்க முடியவில்லை. நான் வெளியிலேயே நின்றேன். போய்க் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்.

அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே கொடுத்தார். கோபிக்காரர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. போத்தனூர்க்காரர் கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். இலை போட்ட பிறகு செய்கிறவர், அன்றைக்குத் தண்ணீருக்கே செய்தார். இன்னொரு சொம்போடு அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"ஏன் கண்ணு வெய்யில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க. தண்ணி குடிங்க."

"வேண்டாமுங்க."

"மோர் குடிக்கறீங்களா?"

"எதும் வேண்டாமுங்க அம்மா. நான் இங்கயே நின்னுக்கறேனுங்க."

அவர் சொம்பை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைச் சோளத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். என் கால் வாசலுக்கு வெளியே நிற்பதைப் பார்த்தார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போனது யாருங்க?" என்று என்னைக் கேட்டார்.

அது நான் சொல்லக்கூடிய சேதி இல்லை. அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர்கள் இருவரும் அவரைப் பார்க்கவில்லை.

"அவருங்களா?"

கோபிக்காரர் எழுந்தார். தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே போத்தனூர்க்காரர் வந்தார். மூன்று பேரும் வாசலுக்கு வெளியே வரிசையாக நின்றோம்.

"ஆமாங்க அம்மணி," என்றார் கோபிக்காரர்.

"எப்பங்ணா?"

போத்தனூர்க்காரர்தான் சொன்னார். ஆறு, பனி, இருமல், குழி, மரம். கேமராவுக்குச் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னார். பிரஷ் விசயத்தை விட்டுவிட்டார். அந்த அம்மா சோளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நீங்க மொதல் தடவை வந்தப்பவே."

"ஆமாங்க."

"அம்பது வருசமா என்ற கையில சோறு வாங்கிச் சாப்பிட்டீங்களேங்ணா."

நான் வாழ்க்கையில் எத்தனையோ வசவுகளைக் கேட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் என்னையே திட்டியிருக்கிறார்கள். ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல், மரியாதை ஒன்றும் குறையாமல், இந்த அளவுக்கு யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

"அங்க பர்மாக்காரி யாரும் இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மணி. அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. நாய்க்குட்டி ஒண்ணு வச்சிருந்தாரு. அவ்வளவுதான்."

"கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"தண்ணி கேட்டாருங்க," என்றார் போத்தனூர்க்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"குடுத்தீங்களா?"

"குடுத்தோமுங்க," என்றார் கோபிக்காரர்.

போத்தனூர்க்காரர் தரையைப் பார்த்தார். நான் வேனைப் பார்த்தேன். கேசட்டில் அந்த இடத்தை அன்றைக்கே வெட்டிவிட்டேன். அத்தனை வருடத் தொழிலில் நான் செய்த உருப்படியான வெட்டு அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா குரலெடுத்து அழுதார். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. யார் செத்தது என்று கேட்டவர்களிடம் சொன்னால், எப்போது செத்தது என்று கேட்டார்கள். அதைச் சொன்னால், விழித்தார்கள். ஆனால் வயதான இரண்டு பெண்கள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். அவர்கள்தான் மூன்று பிள்ளைகள் வரைக்கும் பேசியவர்களாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அடுப்பில் இருந்த சோற்றை எடுத்துக் கொட்டினார்கள். எழவு விழுந்த வீட்டில் அதற்கு முன்னால் ஆக்கியதைச் சாப்பிடக் கூடாது. எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். போத்தனூர்க்காரரும் கிணற்றடியில் போய் வரிசையில் நின்று ஊற்றிக்கொண்டார்.

அழுது முடிந்ததும் அந்த அம்மா இருவரையும் கூப்பிட்டார்.

"எனக்குப் பொறந்த ஊட்டுல இப்ப யாருமில்லீங்க. கோடி நீங்கதான் எடுத்துப் போடோணும்."

புருசன் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் எடுத்துவந்து போர்த்துகிற புதுச் சேலைதான் கோடி. வெள்ளைச் சேலை. எனக்கு மனது கேட்கவில்லை.

"இந்தக் காலத்துல வெள்ளை எதுக்குங்கம்மா? இப்பெல்லாம் யாரும் கட்டறதில்லீங்க. இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு?"

அவர் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஓடிப்போனவனோட பொண்டாட்டிக்கு வெள்ளைச் சீலை கெடையாது கண்ணு. செத்தவரு பொண்டாட்டிக்குத்தான் உண்டு. பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

அன்னூர் ஜவுளிக்கடையில் இரண்டு பேரும் தனித்தனியாக ஒவ்வொரு சேலை எடுத்தார்கள். எது நல்ல நூல் என்று கடைக்காரரிடம் போத்தனூர்க்காரர் கேட்ட கேள்விகளில் அவர் களைத்துப்போனார். திரும்பி வந்து, ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு பேரும் போர்த்தினார்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் யாரும் யாரையும் "நீங்க முதல்ல" என்று சொல்லவில்லை. உள்ளே பெண்கள் தாலியைக் கழற்றியபோது நாங்கள் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டோம்.

விழாவுக்கு வர வேண்டாம், துக்க வீடு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

"அவருக்கு மரியாதை செய்யறதுக்கு நான் வராம யாரு வர்றது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விழா. ஹால் வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் சந்தனம், குங்குமம், கல்கண்டுத் தட்டோடு நின்றார்கள். வெள்ளைச் சேலையைக் கண்டதும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா அதைக் கவனித்தார். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. நிமிர்ந்து நடந்து போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். கோபிக்காரரும் போத்தனூர்க்காரரும் அவருக்கு ஒரு நாற்காலி தள்ளிப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் இன்னும் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தலைவர் பேசினார். நாட்டுப்பற்று, ஒழுக்கம், ஏற்றுமதி ஆகிய மூன்றையும் தொட்டுப் பேசினார். அடுத்துச் செயலாளர் தலைவரைப் பற்றிப் பேசினார். சிறப்பு விருந்தினருக்கு வேறொரு விழா இருந்ததால் வீரர்கள் பேசுவது நேரமின்மை காரணமாக ரத்து செய்யப்பட்டது. என் கேசட்டைப் போட்டார்கள். மேடையில் இருந்த டி.வி. நாலாவது வரிசைக்கே தெரியவில்லை. இருமல் வருகிற இடத்துக்கு முன்னால், சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்ததால் நிறுத்திவிட்டார்கள். நான் அந்தச் செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்திருந்தால், ஐம்பது வருடம் கழித்தும் இவர்கள் தப்பித்திருப்பார்கள்.

சால்வை போடத் தொடங்கினார்கள். நான் மேடையை எடுத்துவிட்டு, தொழில் வழக்கப்படி முன்வரிசை முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நல்ல மனுசி. வெள்ளைச் சேலையில் கஞ்சி மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பார்த்துப் புதுத் துக்கம் என்று தெரிந்துகொண்டு, குனிந்து விசாரித்தார்.

"எப்பங்க ஆச்சு?"

"போன செவ்வாக்கெழமைங்க."

"அடடா. வயசானவருங்களா?"

"இருபத்துநாலுங்க."

தலைவரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகனுங்களா?"

"இல்லீங்க," என்றார் அந்த அம்மா, மேடையைப் பார்த்தபடியே. "ஊட்டுக்காரரு. சண்டையில போயிட்டாருங்க."